விவிலியத் தமிழில் துன்பமும் சாயலும்

பவுல் உரோமையருக்கு ஏறத்தாழக் கி.பி. 57இல் எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் நான்கு சொற்கள் ஒரு சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளன. முதற்சொல் நெருக்குதலையும், இரண்டாவது அதன்கீழ் நிலைத்திருத்தலையும், மூன்றாவது அந்நிலைப்பால் மெய்ப்பிக்கப்பட்ட தன்மையையும், நான்காவது அத்தன்மையினின்று பிறக்கும் எதிர்பார்ப்பையும் உணர்த்துவன. கிரேக்கத்தில் இவை முறையே திலிப்சிஸ், ஹுப்பொமொனே, தொக்கிமே, எல்பிஸ் என வழங்கும். துன்பம் மனிதனை எவ்வாறு உருவாக்குகிறது, அவ்வாறு உருவானவனிடத்தில் பிறர் எதனைக் காண்கின்றனர் என்பன பற்றிய கிறித்தவச் சிந்தனை இந்நான்கு சொற்களுள் செறிந்து கிடக்கிறது. 1871இல் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பு இவற்றை உபத்திரவம், பொறுமை, பரீட்சை, நம்பிக்கை எனத் தந்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் துன்பம், மனவுறுதி, தகைமை, எதிர்நோக்கு எனத் தந்தது. நான்கில் ஒன்றேனும் இரண்டிற்கும் பொதுவன்று. வடசொல் நீக்கி நற்றமிழ் வழங்கிய மாற்றம் என்று இதனைக் கொள்வது மேலோட்டமான பார்வையாகும். மூன்றாம் சொல்லில் நேர்ந்த மாற்றம் பொருளையே திசை திருப்புவது. துன்புறுவோர் தம் துன்பத்தை எவ்வாறு எண்ணிக்கொள்வர் என்பதையும் அது தீர்மானிக்கிறது.

முதற்சொல்லை முதலில் நோக்கலாம். திலிப்சிஸ் என்பது அழுத்துதல், நெருக்குதல் எனப் பொருள்படும் வினையடியாகப் பிறந்த பெயர். உபத்திரவம் என்னும் வடசொல் மேல்வந்து தாக்கும் கேட்டைக் குறிப்பது. 19ஆம் நூற்றாண்டு உரைநடையில் அதற்கு உரிய கனம் இருந்தது. இன்று உபகாரம் செய்யாவிடினும் உபத்திரவம் செய்யாதிருக்க வேண்டும் எனப் பேச்சில் கூறும்போது அது தொல்லை என்ற அளவிற்கு நீர்த்துவிட்டது. திருவிவிலியம் தேர்ந்த துன்பம் என்னும் சொல்லோ நோய், வறுமை, பிரிவு அனைத்தையும் தன்னுள் அடக்குவது. பவுல் பெரும்பாலும் புறத்திருந்து வரும் நெருக்குதலையே கருதினார் என்பது மறைந்து, எல்லா வகைத் துயரும் இச்சங்கிலியின் முதற்கண்ணியாகிவிடுகிறது. ஐக்கிய மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் உருவகத்தை அறியாதவரல்லர். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில் இதே வேரினின்று வந்த வினைக்கு அவர்கள் நெருக்கு என்னும் தமிழ் வினையையே ஆண்டுள்ளனர். வினைக்குக் கிடைத்த சொல் பெயருக்கு ஏன் கிடைக்கவில்லை எனில், நெருக்கம் என்னும் பெயர் தமிழில் அணுக்கத்தையும் அன்பையும் உணர்த்தத் தலைப்பட்டிருந்தமை காரணமாகலாம். நெருக்கடி என்னும் சொல் இன்று அவ்விடத்திற்கு ஓரளவு பொருந்தும். எனினும் அதில் செய்தித்தாளின் வாடை வீசுகிறது.

இரண்டாம் சொல்லில் பழைய மொழிபெயர்ப்பே மூலத்திற்கு அணுக்கமானது. ஹுப்பொமொனே என்பது கீழே தங்கியிருத்தல் என்னும் அமைப்புடையது. சுமையின்கீழ் நகராது நிற்றலே அதன் படிமம். தமிழில் பொறு என்பது சுமத்தலையும் தாங்குதலையும் குறிக்கும் வேர். பொறை என்பது பாரத்தையும் பொறுத்தலையும் ஒருங்கே உணர்த்தும். திருக்குறளின் பொறையுடைமை அதிகாரம் நிலத்தின் தாங்கும் தன்மையை உவமையாகக் கொண்டு தொடங்குவதும் இவ்வேரின் ஆற்றலால் ஆகும். மனவுறுதி என்னும் புதிய பெயர்ப்பில் இச்சுமை இல்லை. உள்ளத்தின் திண்மை மட்டுமே உள்ளது. ஆயினும் பொறுமை என்பது இன்று அவசரப்படாமை என்னும் அளவிற்குச் சுருங்கிவிட்டதைக் கண்டே புதிய மொழிபெயர்ப்பாளர் அதனைக் கைவிட்டனர் என ஊகிக்கலாம். வேர்ப்பொருளை நம்புவதா, வழக்குப்பொருளை நம்புவதா என்னும் பழைய வினா இங்கும் எழுகிறது. வழிபாட்டில் உரக்கப் படிக்கப்படும் நூலுக்கு வழக்கே முதன்மையானது என்பது பொதுவிதி. ஆனால் பொறு என்னும் வேரின் சுமைப்பொருள் தமிழில் இன்னும் இறந்துபடவில்லை. கூரையின் பாரத்தைச் சுவர் பொறுக்கிறது என்றால் எவருக்கும் விளங்கும்.

சிக்கல் முற்றுவது மூன்றாம் சொல்லிலேதான். தொக்கிமே என்பதன் குடும்பம் உலோகத்தோடும் நாணயத்தோடும் பிறந்தது. சோதித்துத் தேர்ந்த நாணயத்திற்கும் உலோகத்திற்கும் தொக்கிமோஸ் என்பது அடைமொழி. அதன் எதிர்மறையைக் கலப்புற்ற வெள்ளிக்கு எசாயா நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ஆள்கிறது. தொக்கிமே சில இடங்களில் சோதிக்கும் செயலையும், சில இடங்களில் சோதனைக்குப் பின் எஞ்சிய தன்மையையும் குறிக்கும். உரோமையர் திருமுகத்தில் அது பின்னதையே குறித்தல் வேண்டும். ஏனெனில் அங்கே அது நிலைத்திருத்தலின் விளைவாகக் கூறப்படுகிறது. நெருக்குதலைத் தாங்கி முடித்தவனுக்கு மீண்டும் ஒரு சோதனை விளைகிறது என்பது பொருத்தமற்றது.

ஐக்கிய மொழிபெயர்ப்பின் பரீட்சை அச்செயலையே சுட்டுகிறது. இதன் விளைவை யாக்கோபு திருமுகத்தின் முதல் அதிகாரத்தோடு ஒப்பிட்டால் தெளியலாம். ஆங்கே விசுவாசம் சோதிக்கப்படுவதால் பொறுமை பிறக்கிறது. அச்சோதித்தலுக்குரிய கிரேக்கச் சொல் தொக்கிமியோன், உறவுடையதெனினும் வேறானது. ஐக்கிய மொழிபெயர்ப்பு இரண்டிற்கும் பரீட்சை என்றே பெயர் வைத்தது. எனவே தமிழ் வாசகருக்கு ஓரிடத்தில் பொறுமை பரீட்சையைப் பிறப்பிக்கிறது. மற்றோரிடத்தில் பரீட்சை பொறுமையைப் பிறப்பிக்கிறது. மூலத்தில் இல்லாத இவ்வட்டம் முற்றிலும் மொழிபெயர்ப்பின் படைப்பு. தமிழ் மட்டும் அறிந்த கூர்மையான வாசகர் இதனை முரண் எனக் கருதினால் அவரைக் குறைகூற இயலாது.

பரீட்சை என்னும் சொல் பள்ளிக்கூட வழக்கிற்குச் சென்று வினாத்தாளோடு இணைந்தபின் நிலைமை மேலும் மாறியது. பரீட்சை என்றால் அதனை வைப்பவர் ஒருவர் வேண்டும். தேறியவரும் தவறியவரும் இருப்பர். நோயுற்றோரையும் பிள்ளையை இழந்தோரையும் ஆறுதற்படுத்தச் செல்வோர் இது தேவன் வைத்த பரீட்சை என்று கூறும்போது, கடவுள் தேர்வாளராகவும் துன்புறுவோர் மாணாக்கராகவும் ஆகிவிடுகின்றனர். அவ்வாறுதலைக் கேட்போர் துயரோடு தோல்வியச்சத்தையும் சேர்த்தே சுமக்கின்றனர். மூலச்சொல்லில் இவ்வச்சத்திற்கு இடமில்லை. அது துன்பத்தைக் கடந்தவனிடம் உளதாகிய தன்மையைப் பற்றியது. அத்தன்மை பிறர் காணக் கிடப்பது.

இதனையும் ஐக்கிய மொழிபெயர்ப்பாளர் அறிந்தேயிருந்தனர். பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் திமொத்தேயுவைப் பற்றிப் பவுல் பேசுமிடத்து, தொக்கிமே என்னும் அதே சொல்லை அவர்கள் உத்தமகுணம் எனப் பெயர்த்துள்ளனர். திமொத்தேயு ஊழியத்தில் உழைத்ததைக் கண்டோர் அவனது தகுதியை அறிந்தனர் என்பது அங்குள்ள கருத்து. உத்தமகுணம் சற்றே அறநூல் சாயல் உடையது. ஆயினும் பொருளின் திசை சரியானது. அச்சொல்லை உரோமையர் திருமுகத்திலும் ஆண்டிருப்பின் தமிழ்க் கிறித்தவப் பேச்சில் துன்பம் வேறொரு முகம் பெற்றிருக்கும்.

திருவிவிலியத்தின் தகைமை இத்திசையை மீட்டுத் தந்தது. தகு என்னும் வேரினின்று வந்த இச்சொல்லில் பொருத்தமும் மேன்மையும் உண்டு. குறை இரண்டு. இலங்கைத் தமிழில் தகைமை என்பது கல்வித்தகுதி, பதவித்தகுதி என்னும் நிருவாகப் பொருளில் நிலைபெற்றுள்ளது. மற்றொன்று, சொல்லில் நெருப்பு இல்லை. எரியில் சுடச்சுட ஒளிரும் பொன்னைத் தவம் புரிவாரின் துன்பத்திற்கு உவமையாக்கும் திருக்குறளின் தவம் அதிகாரத்தையும், பேதுருவின் முதல் திருமுகத்தில் வரும் அக்கினியில் சோதிக்கப்படும் பொன்னையும் அருகருகே வைத்து நோக்கினால், இப்படிமம் தமிழுக்கு அயலானதன்று என்பது புலப்படும். பொற்கொல்லர் உரைகல்லில் உரைத்துக் காண்பது மாற்று. பத்தரைமாற்றுப் பொன் என்பது இன்றும் நாவில் உள்ள வழக்கு. தொக்கிமேக்கு இதனினும் நெருங்கிய தமிழ்ச்சொல் இல்லை. ஆனால் மாற்று என்பதைத் தனித்து ஆளின் மாற்றம் எனவும் பதிலீடு எனவும் மயங்கும். மாற்றுக் குறையாமை, மாற்று உயர்ந்த தன்மை என விரித்தால் மட்டுமே உதவும்; சங்கிலியின் சுருக்கம் அப்போது கெடும். மொழிபெயர்ப்பாளர் இங்கே எதையேனும் இழந்தே தீர வேண்டும்.

நான்காம் சொல் பற்றி ஒரு செய்தி போதும். ஐக்கிய மொழிபெயர்ப்பில் நம்பிக்கை என்பது எல்பிஸ். திருவிவிலியத்தில் நம்பிக்கை என்பது விசுவாசத்தின் இடத்தைப் பெற்றுவிட்டது. இருவகை நூல்களையும் படிப்போர் கூடியிருக்கும் வழிபாட்டில் ஒரே சொல் இரு பொருளில் ஒலிப்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை என்பது வியப்பிற்குரியது.

இச்சங்கிலிக்கு வெளியே, துன்பத்தைக் குறிக்கத் தமிழ் விவிலியம் பெற்ற சிறந்த சொல் பாடு. கெடு கேடு ஆவதும் பெறு பேறு ஆவதும் போலப் படு என்னும் முதனிலை நீண்டு பாடு ஆயிற்று. படு என்பது நுகர்தலையும் உள்ளாதலையும் குறிக்கும் வினை. செயப்பாட்டுவினையை ஆக்கும் துணைவினையும் அதுவே. கிறிஸ்துவின் பாடுகள் என்னும்போது, பிறர் செய்ததைத் தான் ஏற்றல் என்னும் இலக்கணமே சொல்லாகி நிற்கிறது. பாடுபடு என்பதோ உழைத்தலைக் குறிக்கும்; துன்பமும் உழைப்பும் தமிழில் ஒரே சொல்லில் உறைகின்றன. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் கற்றார், துன்புற்றார் என்னும் இரு கிரேக்க வினைகள் எதுகைபட நிற்கின்றன. பல மொழிகளில் அவ்வொலிநயம் அழிந்துபோகிறது. தமிழில் பட்டறிவு என்றொரு சொல் உண்டு. பட்டால்தான் தெரியும் என்பது ஊர்வழக்கு. இவற்றை எந்த மொழிபெயர்ப்பாளரேனும் அவ்விடத்தில் பயன்கொண்டிருப்பின் மூலத்தின் நயம் பெரிதும் காக்கப்பட்டிருக்கும்.

துன்பத்தில் உருவாகும் தன்மை எவருடையது என்னும் வினா இனி எழுகிறது. குணம், பண்பு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான கரக்த்தேர் புதிய ஏற்பாட்டில் ஒரே இடத்தில்தான் வருகிறது: எபிரேயர் திருமுகத்தின் தொடக்கத்தில், கடவுளின் இயல்பு மகனில் பதிந்திருத்தலைக் கூறுமிடத்தில். செதுக்குதல் என்னும் வினையினின்று பிறந்த அது நாணயத்தில் அச்சு பதித்த உருவைக் குறிக்கும். ஐக்கிய மொழிபெயர்ப்பு சொரூபம் என்றது. திருவிவிலியம் அச்சுப்பதிவு என்று உருவகத்தையே வெளிக்கொணர்ந்தது. பின்னதே வெற்றி. உலோகத்தைச் சோதித்தலும் உலோகத்தில் அச்சு பதித்தலும் ஒரே பட்டறைக்கு உரிய செயல்கள்.

கடவுளின் பண்புகளுள் யாத்திராகமத்தின் 34ஆம் அதிகாரம் கூறும் ஒன்றை ஐக்கிய மொழிபெயர்ப்பு நீடிய சாந்தம் என்கிறது. அதற்கு நேரான கிரேக்கச் சொல் கலாத்தியர் திருமுகத்தில் ஆவியின் கனிகளுள் ஒன்றாக மனிதருக்குக் கூறப்படும்போது நீடிய பொறுமை ஆகிவிடுகிறது. இறைவனிடம் உள்ளதே மனிதரிடம் கனிந்தது என்பதைச் சொல்லொற்றுமையால் உணரும் வாய்ப்பு இதனால் தவறிப்போயிற்று.

இவ்விழப்பை ஓரளவு ஈடு செய்வது சாயல் என்னும் சொல். தொல்காப்பிய உரியியல் இதற்கு மென்மை என்று பொருள் கூறும். பின்னாளில் ஒப்புமை, உருவொற்றுமை என்னும் பொருள் மேலோங்கியது. ஆதியாகமத்திலும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்திலும் இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. பின்னதில் வரும் கிரேக்க வினை கண்ணாடியில் காணுதல் எனவும் கண்ணாடிபோல் எதிரொளித்தல் எனவும் இருபொருள் படும். ஐக்கிய மொழிபெயர்ப்பு காணுதலைத் தேர்ந்தது. அன்றைய கண்ணாடி மெருகேற்றிய உலோகத் தகடு என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. ஆரன்முளைக் கண்ணாடி இன்றும் அவ்வாறே செய்யப்படுகிறது. எதிரொளித்தல் என்று பெயர்த்தால் பிறர்க்குக் காட்டுதல் வெளிப்படையாகும். காணுதல் என்றால் அது மறையும். மறைந்ததைச் சாயல் தாங்கிக்கொள்கிறது. குழந்தை தந்தையின் சாயல் என்று சொல்பவர் வீட்டிற்கு வந்த அயலாரே. குழந்தை அதனை அறியாது. அறிந்து காட்டவும் முயலாது. அடுத்த அதிகாரத்தில் நெருக்கு என்னும் வினையும், மண்பாண்டத்தில் வைத்த பொருள் என்னும் உருவகமும் தொடர்ந்து வருவதால், நெருக்குண்டவரிடத்தில் அவர் அறியாமலேயே பிறர் காணும் ஒப்புமை என்று அப்பகுதி முழுவதையும் தமிழில் படிக்க இயலுகிறது.