எழுந்து நின்றவர்கள்

எழும்பூர் மியூஸியம் தியேட்டரில் ஹேண்டலின் 'மெஸ்ஸையா' (1741). அத்திப்பட்டிலிருந்து எங்கள் கோஷ்டி ஏழு பேர். 'ஹல்லேலூயா' வந்ததும் சபை எழுந்து நின்றது, நாங்களும். இரண்டாம் ஜார்ஜ் மன்னன் எழுந்தானாம், ஆதாரமில்லாத கதை. அது இரண்டாம் பாகத்தின் முடிவுதான். மூன்றாம் பாகம் பாக்கி. மூவர் கும்மிடிப்பூண்டி வண்டியைச் சொல்லிக் கிளம்பினார்கள். வண்டி நிஜம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது என்ற திருப்தி முகத்தில் இருந்ததே! நம் விமர்சகர்களுக்கும் எங்கே எழுந்து நிற்பது என்று மட்டும் தெரியும்.

அவர்கள் இழந்தது கடைசி 'ஆமென்'. ஒற்றைச் சொல். கனத்த ஆண்குரல்கள் தொடங்க, மற்ற மூன்று குரல்வரிசைகளும் ஒவ்வொன்றாக அதே மெட்டை எடுக்கின்றன. எதுவும் பக்கவாத்தியம் இல்லை. பிரதானப் பாடகரைத் தேடும் நம் கச்சேரிக் காது திணறுகிறது. நடுவில் குரல்கள் அத்தனையும் அடங்க, வயலின் மட்டும் அதே மெட்டை எடுக்கிறது, மெலிதாக, சொல்லே இல்லாமல்.