பேக்கப் இருந்தும் மீளாத தரவுத்தளம்

பழைய பேக்கப்பை ஏற்றி, அதன்மேல், மாற்றங்களைக் குறித்துவைக்கும் பரிவர்த்தனை லாக்குகளை வரிசையாக ஓட்டினால், பழுதான தரவுத்தளத்தை விபத்துக்கு முந்தைய நொடிவரை கொண்டுவந்துவிடலாம். கணினித் துறை தரும் வாக்குறுதிகளில் சொன்னபடி நடப்பவை குறைவு. இது நடக்கும். இருந்தும் தேவைப்படுகிற நாளில் பல இடங்களில் இது கைகொடுப்பதில்லை. குறை முறையிலா, அதைக் கையாளுபவர்களிடமா? இரண்டிலும் உண்டு, சம அளவில் அல்ல.

வணிகக் கணக்கில் எந்த நடவடிக்கையும் முதலில் குறிப்பேட்டில் ஏறும், பிறகே பேரேட்டுக்குப் போகும். தரவுத்தளத்திலும் அதே ஒழுங்குதான். ஒரு மாற்றத்தின் லாக் பதிவு வட்டில் பத்திரமாக எழுதப்பட்ட பின்னரே தரவுப் பக்கத்தை வட்டில் மாற்றி எழுத அனுமதி. இந்த ஒழுங்கிலிருந்து முழுமையான மீட்பு முறை ஒன்றை வகுத்த 'ஏரீஸ்' ஆய்வுக் கட்டுரை 1992இல் வந்தது. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐஐடியில் படித்து ஐபிஎம் ஆய்வகத்துக்குப் போனவர். அந்த மீட்பு முறையில் எனக்கு மிகவும் பிடித்த துணிச்சல் ஒன்று உண்டு: மீட்கும்போது பாதியில் நின்ற பரிவர்த்தனைகளையும் விடாமல், நடந்தது அத்தனையையும் நடந்த வரிசையிலேயே மறுபடி நடத்து, அரைகுறைகளை அதன் பிறகு திருப்பிப் போடு. சுற்றுவழிபோலத் தோன்றும். ஆனால் எது வட்டுக்குப் போயிற்று, எது போகவில்லை என்று குழம்பவே தேவையில்லாமல் செய்துவிடுகிறது.

மின்சாரம் போய்த் திரும்பியதும் சர்வர் தானாகவே செய்துகொள்ளும் வேலை இது. அதைப் பற்றி யாரும் புலம்பிக் கேட்டதில்லை. வட்டே போய்விட்டால், அல்லது மனிதக் கை தவறினால், கதை வேறு. அப்போது முழு பேக்கப்பும், அது எடுக்கப்பட்டதிலிருந்து இன்றுவரை சேர்ந்த எல்லா லாக் கோப்புகளும் வேண்டும். இரவுக்கு ஒரு முழு பேக்கப் மட்டும் எடுப்பவர் ஒரு நாள் வேலையை இழக்கலாம். கூடவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாக்கையும் வேறிடத்துக்கு நகலெடுப்பவர் இழப்பது பெரும்பாலும் அந்த 15 நிமிடத்தோடு நிற்கும். யாரோ நிபந்தனை எழுத மறந்து ஓர் அட்டவணையையே அழித்துவிட்டால், அதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தச் சொல்லியும் மீட்கலாம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 2005இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

முறையின் உள்ளேயே இருக்கும் குறைகளையும் சொல்லியாக வேண்டும். லாக் ஒரு சங்கிலி. போஸ்ட்கிரெஸில் ஒரு கோப்பு வழக்கமாக 16 எம்பி. நடுவில் ஒன்று காணாமற்போனால் அதற்குப் பிந்தைய ஆயிரம் கோப்புகள் இருந்தும் பயனில்லை. அழிந்தது ஓர் அட்டவணைதான் என்றாலும் பின்னோக்கிப் போவது தரவுத்தளம் முழுவதும். எனவே பிழைக்குப் பின் நடந்த நல்ல வரவுசெலவுகளும் கூடவே போய்விடும். இல்லையென்றால் வேறொரு சர்வரில் மீட்டு, வேண்டியதை மட்டும் கையால் எடுத்து ஒட்ட வேண்டும். ஒரு வாரத்து லாக்கை ஓட்டி முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதும் ஓட்டிப் பார்க்காதவருக்குத் தெரியாது.

இவை பெரிய குறைகள்தாம். ஆனால் பேரிழப்புகளை இவை விளைவித்ததைவிட, லாக்கைச் சேமிக்காத அலட்சியம் விளைவித்ததே அதிகம் என்று நினைக்கிறேன். 2017 ஜனவரி 31 இரவு, நிரல் களஞ்சியங்களை வைத்திருக்கும் தளமான கிட்லேபில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அந்த நிறுவனமே எதையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டதால் விவரங்கள் தெளிவாக இருக்கின்றன. சுமை கூடியதில், முதன்மைச் சர்வரின் மாற்றங்களைத் தொடர்ந்து நகலெடுக்கும் துணைச் சர்வர் பின்தங்கிவிட்டது. அதற்கு வேண்டிய லாக் கோப்புகள் முதன்மைச் சர்வரில் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தன. அவற்றை வேறிடத்தில் சேமிக்கும் ஏற்பாடும் இல்லை. எனவே துணைச் சர்வரைக் காலிசெய்து முதலிலிருந்து நகலெடுக்க வேண்டியதாயிற்று. அந்த வேலையில்தான் ஒரு பொறியாளர் சர்வர் மாறி, முதன்மைச் சர்வரின் கோப்புறையை அழித்தார். ஓரிரு நொடிகளில் நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிபியில் மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி.

பலரும் அந்தக் கை தவறியதையே பேசினார்கள். லாக் சேமிப்பு இருந்திருந்தால் துணைச் சர்வர் அதைப் படித்தே எட்டிப் பிடித்திருக்கும், கோப்புறையை அழிக்கும் வேலையே வந்திருக்காது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. லாக் இல்லாதது விபத்துக்கு வழிவிட்டது. பிறகு மீட்பையும் குறுக்கியது.

மற்ற பேக்கப்புகள்? தினசரி எடுப்பதாக நம்பிய பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, அதை எடுக்கும் கருவியோ 9.2. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களை, அனுப்பியவரின் அடையாளம் சரிபார்க்கப்படவில்லை என்று அஞ்சல் சர்வர் நிராகரித்துவிட்டது. மேகக்கணினியின் வட்டு நகல் வசதி தரவுத்தள சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்துவைத்த நகல். அது இல்லாவிட்டால் ஒரு நாள் பழைய நகல்தான். மெதுவான வட்டுகளிலிருந்து நகலெடுத்து முடிப்பதற்குள் தளம் ஏறத்தாழ 18 மணி நேரம் முடங்கிக் கிடந்தது. சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் வரை போயின. நிரல்களைத் தாங்கிய களஞ்சியங்கள் தனியே இருந்ததால் தப்பின.

துணைச் சர்வர் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களை இன்றும் பார்க்கிறேன். முதன்மையில் அழிப்பது நொடியில் துணையிலும் அழியும். அது பேக்கப் ஆகாது. பேக்கப் வெற்றி என்று பச்சைக் குறி காட்டும் அறிக்கையையும் அப்படியே நம்ப முடியாது; லாக்கை நகலெடுக்கும் நிரல் தோற்றும் வெற்றி என்று திருப்பிச் சொன்னால், சர்வர் அதை நம்பி மூலக் கோப்பை நீக்கிவிடும்.

முறை தேர்ந்தது, அதை அளக்கும் பழக்கம்தான் தவறு. எத்தனை பேக்கப் எடுத்தோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, கடைசியாக எந்தத் தேதியில், எந்த நொடிவரை, எத்தனை மணி நேரத்தில் மீட்டோம் என்பதைத் தணிக்கையாளர்கள் கேட்க வேண்டும். தரவுத்தளத்தைப் பராமரிக்கும் நண்பர்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், இந்த மாதமே ஒரு காலி சர்வரில் பேக்கப்பையும் லாக்கையும் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.