கடல் கடந்த தான்சொங்: வெளிநாட்டுக் கொரியப் பௌத்தக் கோயில்களின் வண்ண அலங்காரம்

தான்சொங் என்பது கொரியாவின் மரக் கட்டடங்களில் தீட்டப்படும் மரபான வண்ண அலங்காரம் ஆகும். ‘சிவப்பும் நீலமும்’ என்பது இச்சொல்லின் நேர்ப்பொருள். அரண்மனைகளிலும் பௌத்தக் கோயில்களிலும் வளர்ந்த இக்கலையைத் தென் கொரிய அரசு 1972 ஆம் ஆண்டு தொட்டுணர முடியாத பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. கொரியத் துறவிகளும் குடியேறிய மக்களும் அமெரிக்கா, நேபாளம், இந்தியா ஆகிய நாடுகளில் கட்டிய கோயில்களிலும் இன்று இதனைக் காணலாம். அங்கே இக்கலை எந்த அளவுக்கு நிலைபெற்றுள்ளது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பயனும் பொருளும்

தான்சொங் வெறும் அழகுக்காகத் தோன்றியதன்று. கொரியக் கட்டடங்களில் மிகுதியாகப் பயன்படும் பைன் மரம் எளிதில் வெடிக்கும். ஈரமும் பூச்சியும் அதனை அரிக்கும். வண்ணப்பூச்சு மரத்தைக் காத்ததுடன் வெடிப்புகளையும் மறைத்தது. நீலம் கிழக்கையும், வெள்ளை மேற்கையும், சிவப்பு தெற்கையும், கறுப்பு வடக்கையும், மஞ்சள் நடுவையும் குறிக்கும். தூண்கள் சிவப்பாகவும், அவற்றுக்கு மேலுள்ள உத்தரங்களும் இறவாரத் தாங்கிகளும் பச்சை மிகுந்தும் இருக்கும். செந்நிற அடிமரமும் பசிய இலையும் கொண்ட பைன் மரத்தோடு இதனை ஒப்பிடுவர்.

செய்முறை

முதலில் வடிவத்தைத் தாளில் வரைந்து, கோடுகளின் மேல் ஊசியால் துளையிடுவர். தாளை மரத்தின்மீது வைத்து, வெண்பொடி கட்டிய சிறு துணிப்பையால் தட்டினால் வடிவம் புள்ளிகளாகப் பதியும். பின்னர் ஓவியர்கள் ஆளுக்கொரு நிறத்தை எடுத்துக்கொண்டு நிரப்பிச் செல்வர். எனவே இது ஒரு குழுவின் கலை. கையொப்பமிடும் தனி ஓவியரின் கலையன்று. மரபில் கனிம நிறமிகளை விலங்குப் பசையில் குழைத்தனர். இன்று செயற்கை நிறமிகளும் செயற்கைப் பசைகளும் பரவலாகிவிட்டன.

வெளிநாட்டில் நான்கு கோயில்கள்

கலிஃபோர்னியாவின் தெஹாச்சப்பி மலைப்பகுதியில் உள்ள தேகோசா கோயில் மரத்தால் ஆனது. ஓர் அமெரிக்கத் துறவியின் முயற்சியில், கொரியத் தச்சர்களின் துணையோடு எழுந்தது. மரமும் வண்ணமும் இங்கே பிரியவில்லை. பூச்சு தன் பழைய வேலையையே செய்கிறது. எனினும் வறண்ட மலை வெயில் நிறங்களுக்குப் பகையாகும்.

ஹொனலுலுவின் பலோலோ பள்ளத்தாக்கில் உள்ள முரியாங்சாவின் வரலாறு வேறு. அதன் கூரை, நகரக் கட்டட விதி அனுமதித்த உயரத்தைத் தாண்டியதால் நீண்ட வழக்குக்குப் பின் தாழ்த்தப்பட்டது. கோயில் அந்த இழப்பையே பெயராக்கி, ‘முறிந்த முகட்டுக் கோயில்’ என்று தன்னை அழைத்துக்கொண்டது. கூரையின் உயரம் குறைந்தாலும் இறவாரத்தின் கீழுள்ள வண்ண ஒழுங்கு கட்டடத்தைக் கொரியக் கோயிலாகவே காட்டுகிறது. உயரத்தில் விட்டுக்கொடுத்த கோயில் வண்ணத்தில் விட்டுக்கொடுக்கவில்லை.

லும்பினியில் உள்ள கொரியக் கோயில் இதற்கு நேர்மாறானது. மரத் தாங்கிகளின் வடிவத்தைக் கான்கிரீட்டில் வார்த்த அந்தப் பெரிய மண்டபம் நெடுங்காலம் புறத்தே சாம்பல் நிறமாகவே நின்றது. வண்ணமின்றிப் பார்க்கும்போது தாங்கிகள் கனத்துத் தொங்குவது போல் தெரியும். கனமான கூரையை இலேசாகக் காட்டுவதில் தான்சொங்குக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை அதன் இல்லாமையே இங்கே கற்பிக்கிறது. கான்கிரீட்டில் தீட்டுவதும் எளிதன்று. சிமெண்டின் காரத்தன்மையும் உள்ளிருந்து கசியும் ஈரமும் பூச்சை உரிக்கும்.

புத்தகயாவில் கொரியாவின் ஜோகியே பிரிவு கட்டிய பன்ஹ்வாங்சா 2022 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பீகாரின் கோடை வெயிலும் பருவமழையும் அதற்கு இனிமேல்தான் முழுச் சோதனை.

மதிப்பீடு

வெளிநாட்டுக் கோயில்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நிறங்களின் பளபளப்பைப் பாராட்டுவதோடு நிறுத்திவிடுகின்றனர். அது போதாது. தான்சொங் மங்கும், உரியும். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் தீட்டப்பட வேண்டும். கொரியாவில் ஒவ்வொரு மறுதீட்டலும் இளையோருக்கு ஒரு பள்ளிக்கூடம். சாரத்தின்மேல் நின்றே கற்கிறார்கள். வெளிநாட்டிலோ ஓவியர்கள் விமானத்தில் வந்து, தீட்டி முடித்துத் திரும்பிவிடுகின்றனர். கோயில் தங்குகிறது, கைத்திறன் தங்குவதில்லை.

தாயகத்திலேயே தொடர்ச்சி அறுந்தால் என்ன நேரும் என்பதற்குச் சியோலின் சுங்னியேமுன் வாயில் சான்று. 2008 இல் தீக்கிரையான அது 2013 மே மாதம் மீண்டும் திறக்கப்பட்டது. சில மாதங்களிலேயே வண்ணம் உரிந்தது. இயற்கை நிறமியும் விலங்குப் பசையும் மட்டுமே பயன்பட வேண்டிய இடத்தில் செயற்கைப் பொருள்கள் கலக்கப்பட்டது பின்னர் வெளிப்பட்டது. பல பத்தாண்டுகள் செயற்கைப் பொருளிலேயே பழகிய கைகளுக்குப் பழைய முறை எளிதில் திரும்பி வரவில்லை. தாயகத்தின் நிலையே இதுவென்றால், குழுவே இல்லாத அயல்நாட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒரு வெளிநாட்டுக் கோயிலின் தான்சொங்கை அளக்க உரிய நேரம் அதன் திறப்பு விழா நாள் அன்று. இரண்டாம் முறை தீட்டப்படும் நாளே ஆகும். அதற்கான ஆயத்தம் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். துளையிட்ட மாதிரித் தாள்களைக் கோயிலிலேயே பாதுகாத்தல், பயன்படுத்திய நிறமிகளையும் பசையையும் எழுதி வைத்தல், உள்ளூர் இளைஞர் சிலரையேனும் சாரத்தில் ஏற்றிப் பழக்குதல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவு பிடிக்காதவை. இவற்றைச் செய்யாத கோயிலில் தான்சொங் ஒரு விருந்தாளியாகவே இருக்கும்.