அன்னமய்யா பாட்டுக்கு ஆடும்போது

சித்தூரில் மத்தியானம் பஸ் ஏறி, காணிப்பாக்கம் திரும்பும் இடத்தில் பிள்ளையாருக்கு உட்கார்ந்தபடியே ஒரு கும்பிடு போட்டு, சந்திரகிரிக் கோட்டையைக் கடந்து, விளக்கு வைக்கும் வேளைக்குத் திருப்பதி மஹதி அரங்கத்தில் போய் அமர்ந்து, அன்னமய்யா என்னும் அன்னமாச்சாரியரின் கீர்த்தனங்களுக்கு யாரோ ஒரு பெண் ஆடுவதைப் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்புவது என் நெடுநாளைய வழக்கம். வேலூரிலிருந்து வரும் உறவினர்களையும் சில சமயம் கூட்டிக்கொண்டு போவேன். "தெலுங்கும் புரியவில்லை, குச்சுப்புடியின் இலக்கணமும் தெரியாது, எதையப்பா ரஸிப்பது?" என்று அவர்கள் கேட்கும்போது சொல்லிவந்த பதிலைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

கோயில் சம்பந்தமான பாட்டு, ஐந்நூறு வருஷத்துப் பழமை என்று கையைக் கூப்பியபடியே உட்கார்ந்திருப்பவருக்குப் பாதி ரஸம் கிட்டாமலே போய்விடுகிறது. 1503-ஆம் வருஷம் மறைந்த தாளப்பாக்கம் அன்னமய்யா, நெல் குத்தும் பெண்களின் சுவ்விப் பாட்டையும், தொட்டிலாட்டும் லாலியையும், மார்கழியில் சாணி உருண்டைக்குப் பூச்சூட்டிப் பெண்கள் கைதட்டிச் சுற்றிவரும் கொப்பிப் பாட்டையும் ஊர்வாயிலிருந்து அப்படியே எடுத்து வேங்கடவனுக்குச் சூட்டியவர். அந்நாளில் அவை ஜனங்களின் வாயில் புரண்ட மெட்டுக்கள். அப்பாட்டுக்களைத் தாங்கிய செப்பேடுகள் திருமலைக் கோயிலின் அறையொன்றில் பல தலைமுறை கிடந்து வெளிவந்தபோது, ஒவ்வொரு பாட்டுக்கும் ராகத்தின் பெயர் இருந்ததேயன்றி, அதை எப்படிப் பாடினார்கள் என்பதற்கு ஸ்வரக் குறிப்பு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் முதலியோர் புதிதாக வர்ணமெட்டு அமைத்துத் தந்தார்கள். 1978-இல் தேவஸ்தானம் அன்னமாச்சாரியர் பெயரால் ஒரு திட்டமே தொடங்கிற்று, எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் இசைத்தட்டுக்கள் வந்தன. 1997-இல் சினிமாவும் வந்து, டீக்கடை வானொலி வரையில் அன்னமய்யா இறங்கிவிட்டார். ஆகவே நாம் மேடையில் காண்பதில் சொல் ஒன்றுதான் பழையது; மெட்டு நம் காலத்தது, ஆட்டமோ மெட்டுக்கும் இளையது.

இனி, எங்கே உட்காருவது? முதல் வரிசை நடுநாற்காலி பிரமுகர்களுக்கு இருக்கட்டும். நட்டுவாங்கத் தாளம், வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின், குழல் என்று பக்கவாத்தியக்காரர்கள் மேடையின் எந்த ஓரத்தில் அமர்ந்திருக்கிறார்களோ, அதற்கு எதிர்ப்பக்கமாக, பாடுகிறவரின் முகம் தெரியும்படி உட்காருங்கள். ஒரே வரியை அவர் ஏழெட்டுத் தடவை பாடுவதைக் கேட்டு, சொல்ல வேறொன்றும் இல்லையோ என்று சலிப்படைகிறவர்கள் உண்டு. ஆனால் பல்லவியின் அந்த ஒரு வரிக்குள்ளே நர்த்தகி ஒரு கதையையே சஞ்சாரியாக விரித்துக்கொண்டிருக்க, அவள் கை எப்போது தணிகிறது, கண் எப்போது திரும்புகிறது என்று பார்த்து, அதுவரையில் சங்கதியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பது பாடகரின் வேலை.

'முத்துகாரே யசோதா' என்னும் பாட்டை எடுத்துக்கொள்வோம். குறிஞ்சி ராகம்; மத்யம ச்ருதியில், தாலாட்டுப்போல் குறுகிய எல்லைக்குள் உலவுவது. கண்ணனை நவரத்தினங்களாகச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு: யசோதையின் முற்றத்தில் முத்து, கோபியரின் உள்ளங்கையில் மாணிக்கம், ருக்மிணியின் இதழுக்குப் பவளம், சங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைடூரியம், காளிங்கன் தலைகளின்மேல் புஷ்பராகம். ஒரு நாள் பார்த்தேன்: அந்தப் பெண் முத்து என்பதற்கு ஹம்ஸாஸ்யம் பிடித்தாள், பெருவிரலும் சுட்டுவிரலும் தொடும் இடத்தில் ஒன்றுமே இல்லை, ஆனால் அதைக் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளும் கவலை அவள் புருவத்தில் இருந்தது. காளிங்கனிடம் வந்ததும் அவள் ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்குத் தாவச் சற்றே தாமதித்தாள். மிருதங்கக்காரர் அந்த அரை நொடி கையை வலந்தலைக்கு மேலே நிறுத்தி வைத்திருந்து, அவள் பாதம் தரையைத் தொட்ட அதே க்ஷணத்தில் போட்டார். சபையில் ஒருவர் 'ஆஹா' என்றார். யாருக்குச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திராது. அதன்பின் வேங்கடாத்திரி, பாற்கடல் என்று பாட்டு விரிந்துகொண்டே போய், கடைசியில் இவ்வளவும் பாலகனைப்போல் திரிகிறதே என்று முடியும். அந்த இடத்தில் பெரிய தோரணையைக் கைவிட்டுத் தளர்நடைக்கு அவள் எவ்வளவு லகுவாகத் திரும்புகிறாள் என்பதைக் கவனியுங்கள்; என் கணக்கில் அதுதான் பரீட்சை.

ஒலிப்பதிவை ஓடவிட்டு ஆடும் வழக்கம் இப்போது மலிந்திருக்கிறது. வித்வான்கள் ஐவருக்குச் சன்மானம் கொடுக்க எல்லோராலும் முடிவதில்லை என்பது நியாயந்தான். ஆயினும் ஒருமுறை, ஊர் பெயர் வேண்டாம், காற்சலங்கையின் முடிச்சு அவிழ்ந்து ஒரு சிறுமி குனிந்து கட்டிக்கொள்வதற்குள், பென்டிரைவிலிருந்த பாடகி கொஞ்சமும் இரக்கமின்றி அடுத்த சரணத்துக்குப் போய்விட்டதைக் கண்டேன். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து பாடியிருந்தால் இன்னும் இரண்டு சங்கதி போட்டுக் காத்திருப்பார். சலங்கை அவிழ்ந்ததே நமக்குத் தெரியாமற் போயிருக்கும்.

இன்னொன்று. செப்பேடுகளில் அத்யாத்மம் என்னும் பக்திப் பாட்டுக்களைவிடச் சிருங்காரம் என்னும் காதற் பாட்டுக்களே மிகுதி. நிகழ்ச்சி அமைப்பவர்களோ அத்யாத்மத்தையே அதிகம் கேட்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அலமேலுமங்கையே ஆடுவதாக அமைந்த பாட்டு ஒன்றிருக்கிறது: பூச்சொரிய, கூந்தற்சுருள் அசைய, தேவி ஆடுகிறாள், ஆடுவதைப் பற்றிய பாட்டுக்கு ஆடுவது. நிகழ்ச்சி நிரலில் அது இருந்தால் விடாதீர்கள். கொப்பிப் பாட்டு வந்தால் இலக்கணமெல்லாம் வேண்டாம்; வட்டமாகச் சுற்றும் பெண்களின் கைதட்டும் மிருதங்கமும் ஒன்றாக விழுகின்றனவா என்று மட்டும் பாருங்கள்; பின்வரிசையில் யாராவது பாட்டி கூடவே தட்டிக்கொண்டிருப்பாள்.

மங்களம் தொடங்கியதும் செருப்பைத் தேடி எழுந்துவிட வேண்டாம். நமஸ்காரம் செய்துவிட்டு நிமிரும் பெண், வியர்வையோடு, முதலில் பாடகர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். அவர் சிரித்தால் அன்று எல்லாம் நினைத்தபடி நடந்தது, தலையைச் சொறிந்தால் எங்கேயோ ஓர் ஆவர்த்தம் கூடவோ குறையவோ போயிருக்கிறது. அது எந்த இடம் என்று யோசித்துக்கொண்டே வந்தால், சித்தூர் போகிற வழி தெரியாது.