ஆவணமும் தன்வரலாறும்

அடிமை ஒழிப்பை வில்பர்ஃபோர்ஸ் போன்ற நாடாளுமன்றத்தாரின் கருணைக் கதையாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்கள் எழுதிய நூல்கள் இப்பழக்கத்தைத் திருத்துகின்றன.

அவற்றுள் தலையாயது, ஒலாவ்டா இக்வியானோ 1789இல் இலண்டனில் வெளியிட்ட தன்வரலாறு. தம் உழைப்பால் சேர்த்த பணத்தைக் கொடுத்து 1766இல் விடுதலையை விலைக்கு வாங்கியவர் அவர். அந்த விடுதலைப் பத்திரத்தைத் தம் நூலின் நடுவே பதிப்பித்திருக்கிறார். ஆண்டான் எழுதிய பத்திரம், அடிமையாயிருந்தவரின் வாக்குமூலத்துக்குச் சான்றாகக் கீழிறங்கி நிற்கிறது. நூலின் வலிமை இதில்தான் உள்ளது. ஊர் ஊராகச் சென்று அதனை விற்றார். அவர் வாழ்நாளிலேயே ஒன்பது பதிப்புகள் வந்தன. 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தபோது அவர் உயிருடன் இல்லை. எனினும் அதற்கான பொதுக்கருத்தை உருவாக்கியதில் அவர் நூலுக்குப் பெரும்பங்கு உண்டு.

1831இல் மேரி பிரின்ஸ் என்னும் பெண்ணின் வரலாறு வெளிவந்தது. ஈராண்டுகளில் பிரிட்டன் இயற்றிய ஒழிப்புச் சட்டமோ கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளை விலக்கிவைத்தது. மயிலாப்பூரை அடுத்த சாந்தோமிலிருந்து போர்த்துகீசியரும், கோட்டையிலிருந்து ஆங்கிலேயரும் அடிமைகளைக் கப்பலேற்றிய கடற்கரை நம்முடையது. ஆயினும் அடிமையுடைமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்னும் சட்டம் 1843இல்தான் இங்கு வந்தது.

அக்காலத் தமிழ் அடிமை எவரும் எழுதிய தன்வரலாறு நமக்குக் கிட்டவில்லை. கிட்டியிருப்பவை சோழர் கால ஆள்விலைப் பிரமாணங்களும் பிற்கால அடிமை ஓலைகளும். ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற ஆய்வாளர்கள் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்துள்ளனர். அவற்றில் விற்கப்பட்டவரின் பெயர் உண்டு, குரல் இல்லை. இக்வியானோ தலைகீழாக்கிய ஆவணம் இங்கே தனித்து நிற்கிறது.

அமெரிக்காவில் அடிமையாகவே மறைந்த ஆப்பிரிக்க ஆலிம் உமர் இப்னு ஸயீத், 1831இல் அரபியில் எழுதிய தன்வரலாற்றை அல்முல்க் அத்தியாயத்தைக் கொண்டு தொடங்கினார். ஆட்சியும் உடைமையும் இறைவனுக்கே என்னும் அத்தொடக்கத்தை, தம்மை உடைமையாக்கிய மனிதருக்கு அவர் அளித்த மறுப்பாகவே நாம் வாசிக்கிறோம்.

அடிமையின் பிடரியை விடுவிப்பதை அறமாகக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. முஸ்லிம் சமுதாயங்களிலும் அடிமைமுறை நூற்றாண்டுகள் நீடித்தது என்பதும் வரலாறு. விடுவித்தவரின் சிறப்பைப் பேசும் நாம், விடுபட்டவரின் சொல்லையும் வாசிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். சொல் கிடைக்காத இடத்தில், ஓலையிலுள்ள பெயரையேனும் ஒரு மனிதரின் பெயராக வாசிப்போமாக.