கல்லாற்றங்கரையில் இரண்டு கண்ணாடிகள்

விதுரையைத் தாண்டிப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், 22 கொண்டையூசி வளைவுகளுக்கு முன்னால் வருகிறது கல்லாறு. ஆறு முழுக்க உருண்டு வழவழத்த கற்கள். அவற்றின் மேல் பளிங்காய் வழுக்கிப் போகும் தண்ணீர். இருபுறமும் மரங்கள் கூரை வேய்ந்திருப்பதால் இங்கே வெளிச்சம் தாமதமாக வந்து சீக்கிரமே விடைபெறுகிறது. அந்தக் கொஞ்ச வெளிச்சத்தில்தான் பறவை பார்க்கும் கண்ணாடிகளின் அழகு முழுதாகத் தெரிகிறது.

என்னிடம் இருந்தது சில ஆயிரம் ரூபாய் பைனாகுலர். உடன் வந்த நாகர்கோவில் அண்ணனிடம் லட்சங்களைத் தாண்டிய ஆஸ்திரியக் கண்ணாடி. இரண்டும் எட்டு மடங்கு பெரிதாக்கும். இரண்டின் முன் லென்சும் 42 மில்லிமீட்டர். எண்களில் இரட்டைப் பிள்ளைகள்.

“கண்ணுல வைக்காதடே, கைய நீட்டிப் பிடிச்சுப் பாரு” என்றார் அண்ணன்.

நீட்டிப் பிடித்தேன். கண் வைக்கும் லென்சின் நடுவே ஒரு சிறு ஒளிவட்டம் மிதந்தது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் ஐந்தேகால் மில்லிமீட்டர் அகலம்; உள்ளே வரும் காட்சியெல்லாம் அந்தப் பொட்டு வழியாகத்தான் நம் கண்மணிக்குள் இறங்குகிறது. அவருடையதில் அது பௌர்ணமி நிலா: விளிம்பு வரை ஒரே வெண்மை, அப்பழுக்கற்ற வட்டம். என்னுடையதில் ஓரங்கள் சாம்பல் பூத்து, வட்டம் சதுரத்தின் சாயலுக்கு நழுவியிருந்தது. உள்ளிருக்கும் பிரிசம் மலிவான கண்ணாடியில் செய்தது; ஓரத்துக் கதிர்களை அதனால் முழுதும் திருப்பி அனுப்ப முடிவதில்லை.

லென்சைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். மயில் கழுத்தின் மினுக்கம்போலப் பச்சையும் ஊதாவும் படர்கின்றனவே, அதுதான் மேற்பூச்சு. 1935-இல் யெனா நகரின் ட்ஸைஸ் ஆலையில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்ட உபாயம். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கு ஒளியைத் திருப்பியடித்துவிடும். பத்துப் பரப்புகளைக் கடப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நல்ல கண்ணாடியில் எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உண்டு. கண்ணுக்கே தெரியாத அந்த மெல்லிய படலம் வெளிச்சத்தை எவ்வளவு பத்திரமாகக் கைமாற்றித் தருகிறது!

அப்போதுதான் தீக்காக்கை வந்தது. மலையாளத்திலும் அதே பெயர்தான். வழக்கம்போல முதுகைக் காட்டி, உலர்ந்த சருகின் நிறத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நாங்களும் அசையவில்லை. பிறகு மெல்லத் திரும்பியது.

என் கண்ணாடியில் ஒரு செம்மை தெரிந்தது; அதுவே மனதை நிறைத்தது. ஆனால் வானத்தை ஒட்டிய தலையின் ஓரத்தில் மெல்லிய ஊதா இழை ஒன்று ஓடியது. செந்நிறமும் நீலமும் ஒரே இடத்தில் குவியாமல் விலகுவதன் தடம் அது. அண்ணனின் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். கரிய மார்புக்கும் கனலும் வயிற்றுக்கும் நடுவே, நூல் பிடித்ததுபோல் ஒரு வெண்பட்டை! மடித்த சிறகின் மேல், கறுப்பில் வெள்ளை இழையோட்டம், காஞ்சிபுரத்துத் தறியில் நெய்த நுணுக்கம். பறவை ஒரு இறகளவுகூடப் பெரிதாகவில்லை. ஒவ்வொரு நிறமும் தன் எல்லைக்குள் நின்றது, அவ்வளவுதான். நிறங்களை விலகவிடாத தனிவகைக் கண்ணாடி, பிரிசத்தில் இரண்டாகப் பிரிந்து சேரும் ஒளியின் அலைகளை இசைவிக்கும் பூச்சு என எத்தனையோ பேரின் பொறுமை அந்த வெண்பட்டையில் இருக்கிறது.

வேட்டைத் துப்பாக்கியின் குறிநோக்கிக்கும் இதே கணக்குதான். ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் அந்திக்கென்றே எட்டு மடங்கும் 56 மில்லிமீட்டரும் கொண்டதைத் தேடுவார்கள். ஒளிவட்டம் 7 மில்லிமீட்டருக்கு விரியும். 1972-இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் நம் காடுகளில் துப்பாக்கிக்கு வேலையில்லை. அந்தக் கலை முழுவதும் இங்கே பறவையைக் கண்ணருகே கொண்டுவருவதோடு நின்றுவிடுகிறது. எனக்கு அதுவே போதும்.

இருள் கவிந்தது. என் கண்ணாடியில் மரம் கரிக்கோடாகிவிட்ட பிறகும், அண்ணனுடையதில் அந்தச் செம்மை இன்னும் சிறிது நேரம் கனன்றுகொண்டிருந்தது.

வாங்கப் போகிறவர்கள் உச்சிவெயிலில் கடைக்குப் போகாதீர்கள்; அப்போது எல்லாக் கண்ணாடியும் நன்றாகவே தெரியும். மாலை ஆறு மணிக்குப் போய், எதிரே உள்ள மரத்தின் நிழலுக்குள் பாருங்கள்.