ஒரே மையில் அளந்ததும் ஊகித்ததும்

நியூயார்க்கில் கடலோடு கலக்கும் ஹட்சன் ஆற்றுக்கு நேரெதிரே, கண்டத்திட்டின் விளிம்பில் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிக் கண்டச்சரிவை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. மேரி தார்ப்பும் புரூஸ் ஹீசனும் 1957இல் வெளியிட்ட வட அட்லாண்டிக் தரைத்தோற்றப் படத்தில் அதைப் பார்க்கும்போது, நீர் முழுவதும் வற்றிய கடலை மேலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். அந்தப் படம் எனக்கு மிகப் பிடித்தமானது. அதனாலேயே அதைக் கறாராக நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

துல்லியமான ஆழ அளவுகளை வெளியிட அமெரிக்கக் கடற்படை அப்போது அனுமதிக்கவில்லை. சமஆழக் கோடுகளுக்கு வழியில்லாததால் இருவரும் நிலத்தின் உருவத்தையே வரைந்தார்கள். கட்டாயத்தில் எடுத்த அந்த முடிவு நன்மையாகவே முடிந்தது. கடல்தரையின் பிரிவுகளையும் கண்போன போக்கில் வகுக்கவில்லை. கண்டச்சரிவு என்றால் 40 மீட்டர் போவதற்குள் 1 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். ஆழ்கடல் சமவெளி 1,000 மீட்டர் போனாலும் 1 மீட்டர்கூட இறங்காது. இந்தப் பாகுபாடு இன்றும் நிற்கிறது.

சிக்கல் கப்பல் தடங்களுக்கு இடையில் இருக்கிறது. ஒற்றைக் கற்றை எதிரொலிமானி கப்பலுக்கு நேர்கீழே மட்டும்தான் அளக்கும். அந்தக் கற்றை 30 பாகை அகலம் என்று வைத்துக்கொண்டால், 3,000 மீட்டர் ஆழத்தில் அது தரையில் விழும் வட்டம் ஏறக்குறைய 1,600 மீட்டர் அகலம். அதைவிடக் குறுகிய ஓடைகள் எதிரொலியில் கலங்கிப்போகும். இரண்டு தடங்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதைத் தார்ப்பின் நிலவியல் அறிவுதான் நிரப்பியது. அளவே இல்லாத ஓரிடத்தில் அவர் படவிளக்கப் பெட்டியை வைத்து மூடினார். அது நேர்மையான செயல். மற்ற இடங்களில் அளந்ததும் ஊகித்ததும் ஒரே மையில் இருக்கின்றன. 1959இல் வந்த நூலில் குறுக்குவெட்டுகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பவர் நூலைப் புரட்டுவதில்லை.

படிவு விஷயத்தில் குறை இன்னும் ஆழமானது. 1929 நவம்பர் 18 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் நிலம் அதிர்ந்தது. மேலிருந்து கீழாக, மணிக்கணக்கில், தந்திக் கம்பிவடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. சரிவில் பாய்ந்த சேற்றோட்டமே காரணம் என்று ஹீசனும் மாரிஸ் யூயிங்கும் 1952இல் காட்டினார்கள். அருமையான துப்பறிதல். அந்த வெற்றியின் நிழல் படத்திலும் விழுந்திருக்கிறது என்பது என் கணிப்பு: சரிவின் அடியில் உள்ள கண்ட எழுச்சி, மேலிருந்து வழிந்த வண்டல் விரிப்பாகவே அதில் தெரிகிறது. ஆனால் 1966இல், சரிவுக்குக் குறுக்காக, அதன் ஓரமாகவே ஓடும் ஆழ்நீரோட்டங்களும் அந்த வண்டலை அள்ளிக் குவித்து உருக்கொடுக்கின்றன என்று வாதிட்டவர்களில் ஹீசனும் ஒருவர். வரைந்தவரே திருத்தினார்.

பிற்காலக் கருவி இல்லையே என்று 1957ஐக் குறை சொல்வது நியாயமல்ல. என் குற்றச்சாட்டு அதுவல்ல; எதிரொலி தந்தது ஆழத்தை, மண்ணின் குணத்தை அல்ல என்பதைப் படம் சொல்லாமல் விட்டதுதான். ஆகவே தரையின் உருவத்துக்கு அதைச் சான்றாக ஏற்கிறேன். படிவுக்குக் கருதுகோளாக மட்டுமே. இன்றைய பல்கற்றை வரைபடங்களுக்கும் இதே அளவுகோல்தான். எதிரொலியின் வலிமையைப் பார்த்து மணல், களி என்று நிறம் தீட்டுகிறவர்கள், மண் உருளை எடுத்த ஒவ்வொரு இடத்தையும் புள்ளியாகக் குறிக்கட்டும். புள்ளி இல்லாத பரப்பில் அந்த நிறம் வெளிறியே இருக்கட்டும்.